நாலு என்று சொன்ன வாய்

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வகுப்பில் உதட்டில் பூசிப் பார்த்த லிப் கிளாஸைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறதி என்று எழுதத்தான் நினைத்தேன். மறதி இல்லை. பஞ்சு கையில் இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். விளைவு: ஆறு முட்டை.

இவ்வளவு எழுதிவிட்டுச் சின்னவள் பேனாவைக் கீழே வைத்தாள். 'விளைவு: ஆறு முட்டை' என்பது அடுத்த மாதம் எடுத்துப் படித்தால் தனக்கே புரியுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவள் அப்படித்தான். பகலில் கூரியர் ஆபீசில் விலாசங்களைத் தட்டச்சு செய்வாள். மாலையில் அழகுக்கலை வகுப்புக்குப் போவாள். எழுதி வைக்காவிட்டால் எதுவும் நடந்ததாகவே நம்ப மாட்டாள், எழுதி வைத்தாலும் சரியாகத்தான் எழுதினோமா என்று இன்னொரு தரம் பார்ப்பாள். வகுப்பில் அவளுக்கு 'டைரி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

நடந்தது இதுதான். வீட்டுக்குள் நுழையும்போது அக்கா அடுப்படியில் நின்றாள். சின்னவள் ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்றுகொண்டு, "நாலு முட்டை வேக வைக்கா, போதும்" என்றாள். அக்கா தலையாட்டினாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ஆறு முட்டை.

அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். "இருக்கிறது மூணு பேரு. ஆறு முட்டைய யாரு திங்கறது? பக்கத்து வீட்டு நாய்க்கு விருந்தா?"

"இவதானே ஆறுன்னா" என்றாள் அக்கா.

"நான் நாலுன்னேன்."

"ஆறுன்னே."

"நாலுக்கா. நா-லு!"

அக்காவுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் காதை வாங்கிக்கொண்டு போயிற்று. பேச்சு போகவில்லை; ஏற்ற இறக்கம் இல்லாமல், இஸ்திரி போட்ட துணி மாதிரித் தட்டையாக வரும். மற்றவர் பேச்சை வாயைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். அது வீட்டில் யாருக்கும் அதிசயமாகத் தோன்றியதில்லை. அவளுக்குத் தெரியக் கூடாதென்றால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பேச வேண்டும், அவ்வளவுதான். அம்மா பலமுறை திரும்பிக்கொள்ள மறந்து மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா எழுந்து வந்தாள். தையல் பிரிந்த இடத்தை வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி, தங்கையின் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"வாயில என்னடி தடவியிருக்கே?"

"கிளாஸ். வகுப்புல போட்டது."

"துடை."

சின்னவள் புறங்கையால் துடைத்தாள்.

"இப்ப நாலு சொல்லு." சொன்னாள். "ஆறு சொல்லு." சொன்னாள். "மறுபடி நாலு." சொன்னாள்.

அக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டை விஷயத்துக்கு யாரும் அப்படி உட்கார மாட்டார்கள்.

"இன்னைக்கு மத்தியானம் ஒரு பேன்ட்டக் கெடுத்துட்டேன்" என்றாள். "நாலு சென்டிமீட்டர் குறைக்கச் சொன்னாங்க. ஆறு வெட்டிட்டேன். அந்த ஆளு போட்டுப் பாத்தா கரண்டைக்கு மேல நிக்குது. வெள்ளத்துல இறங்கப் போறவர் மாதிரி இருந்தாரு."

அம்மா சிரிக்க வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ஆறு, நாலு. இரண்டுக்கும் வாய் முதலில் திறக்கும், பிறகு குவியும். நாலு சொல்லும்போது மட்டும் நாக்கு நுனி மேற்பல்லை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகும். அந்த எட்டிப்பார்ப்பில்தான் அக்காவுக்கு இரண்டும் இரண்டு சொல். உதடு ஈரமாக மின்னினால், விளக்கின் துண்டு ஒன்று அங்கேயே நின்று ஆடும். நாக்கு எட்டிப் பார்த்ததா இல்லையா என்று தெரியாது.

அக்கா வேலை செய்வது ஒரு பெரிய துணிக்கடையில், ஆல்ட்டரேஷன் பிரிவில். வாங்கிய துணியை அங்கேயே அளவுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள். ட்ரையல் ரூமுக்கும் மெஷின் அறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. மெஷின் சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்கக் கூடாதென்று போட்டது. மற்ற தையல்காரர்கள் அளவு வாங்க எழுந்து கதவைத் திறந்துகொண்டு வர வேண்டும். அக்கா எழுந்ததே இல்லை. சூப்பர்வைசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைத்தால் போதும், துணி வருவதற்குள் சாக்பீஸ் கோடு எங்கே என்று மனசில் விழுந்திருக்கும். சூப்பர்வைசர் சொல்லாததும் விழும். 'இன்னும் கொஞ்சம் லூசா இருந்தா நல்லாருக்கும், கேக்கக் கூச்சமா இருக்கு' என்று யாராவது மனைவியின் காதில் முணுமுணுத்தால், அதையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பாள். பதினோரு வருடமாக அந்த அறையிலேயே வேகமான கை அவளுடையது.

"மேனேஜர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் சின்னவள்.

"சனிக்கிழமை வரைக்கும் மெஷின்ல உக்காரு, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கீழே பேக்கிங்குக்குப் போன்னு சீட்டுல எழுதிக் குடுத்துட்டார்." அக்கா கைகளைப் பார்த்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன்டி. ஒரு வாரமாவே எல்லார் வாயும் வழுக்குது. கண்ணாடி போடணும்போலன்னு இருந்தேன்."

"கடையில எல்லாரும் கிளாஸ் போடறாங்களா?"

"பத்து நாளா. புதுசா உதட்டுச் சாயம் விக்கிறாங்க இல்ல? கடைப் பொண்ணுங்க எல்லாரும் அதைத்தான் போடணும்னு உத்தரவு. எல்லாம் எண்ணெய்ச் சட்டியில விழுந்து எழுந்து வந்த மாதிரி இருக்குதுங்க."

"நீயும் போடணுமா?"

"நான் கண்ணாடிக்கு உள்ள இருக்கிறவ. என்னை யாரு பாக்கப் போறா?"

சின்னவளுக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. வியாபாரத்துக்குப் பளபளப்பு வேண்டுமாம். அதைப் பூசச் சொன்னது அவர்கள். பூசிக்கொண்டது இன்னொருத்தி. மெஷினை விட்டு எழுந்து நிலவறைக்குப் போக வேண்டியவள் மட்டும் அக்காவா?

அன்று டைரியில் 'விளைவு: ஆறு முட்டை' என்பதை அடித்து, 'விளைவு: காரணம் தெரிந்தது' என்று எழுதினாள். காரணம்தானா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

புதன்கிழமை வகுப்பில், சொல்லி வைத்த மாதிரி, உதட்டுச் சாயத்தின் பூச்சு வகைகள்தான் பாடம். ஒரு வங்கிக்கு மேலே உள்ள நீள அறை அது. சுவரெல்லாம் கண்ணாடி, ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் ஒரு சுழல்நாற்காலி. டீச்சர் தன் புறங்கையில் வரிசையாகக் கோடு இழுத்துக் காட்டினாள். மேட்: சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கல், வெளிச்சத்தைத் திருப்பித் தராது. க்ரீம்: வெண்ணெய் மாதிரி வழவழப்பு. சாட்டின்: பட்டுத்துணியின் மறுபக்கம் மாதிரி ஒரு மெல்லிய ஒளி. கிளாஸ்: ஈரம். ஷிம்மர்: மினுக்கு.

"மெல்லிசு உதடா, கிளாஸ். தடிச்ச உதடா, மேட். ஆபீசுக்கா, தோல் நிறத்துக்கு ஒட்டின மாதிரி மேட், வாய் துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது. முதல்ல உங்க முகத்த உங்களுக்குத் தெரியணும். அப்புறம்தான் டப்பாவத் திறக்கணும்."

சின்னவள் கையைத் தூக்கினாள். "மேடம், எந்தப் பூச்சு போட்டா வாய் நல்லாத் தெரியும்?"

"தெரியறதுக்குத்தானேம்மா எல்லாமே போடறோம்?"

வகுப்பே சிரித்தது.

"இல்ல மேடம். பேசறது தெரியணும். சொல்ற சொல்லு."

"பேச்சு காதுக்கு. லிப்ஸ்டிக் கண்ணுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே, டைரி."

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எல்லாரும் வேன்காரம்மா என்பார்கள். அவள் குனிந்து, "நீ யாருக்குடி அப்படி வாயசைக்கப் போறே? ஜன்னல் வழியாவா?" என்றாள். சின்னவள் நோட்டின் மேல் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் அழுகை வரும்போல் இருந்தது, அதுவும் கோபத்தில் வருகிற அழுகை. அது எல்லாவற்றையும்விட அசிங்கம்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் வீட்டில் சோதனை நடத்தினாள். முறையாகச் செய்ய வேண்டும் என்று, அக்காவைச் சமையலறைக் கோடியில் உட்கார வைத்து, தான் வாசல் விளக்கின் கீழ் நின்று, ஒவ்வொரு பூச்சாகப் போட்டுக்கொண்டு எண்களை மாற்றி மாற்றிச் சொன்னாள். கிளாஸில் அக்கா இரண்டு தரம் தடுமாறினாள். மேட்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மா நடுவில் புகுந்து, "எனக்கும் கொஞ்சம் போடேன், நானும் நாலு சொல்றேன்" என்றாள்.

மேட்தான் விடை என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டாள். அவள் டைரியில் கோடு போடுவது அபூர்வம்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ஒரு மேட் குப்பியோடு கடைக்குப் போனாள். டீச்சர் சொன்னபடி, தோல் நிறத்துக்கு ஒட்டினது. மேனேஜர் கண்ணில் அதிகம் படாது என்ற கணக்கும் இருந்தது. சூப்பர்வைசர் சின்னப் பெண். கழுத்தில் டேப், மணிக்கட்டில் குண்டூசி குத்திய பஞ்சு. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"அய்யோ, என்னாலயா? அக்காவுக்கு நான் போய்... எனக்கும் இந்தப் பிசுபிசுப்பு பிடிக்கலக்கா. ஃபேன் போட்டா தலைமுடி பூரா வாயில ஒட்டுது. குடுங்க, குடுங்க."

பூசினார்கள். காய்ந்தது. சூப்பர்வைசர் கண்ணாடித் தடுப்புக்கு முன் போய் நின்றாள். அப்போதுதான் மேனேஜர் வந்தார். வாயை முக்கால்வாசி மூடுகிற மீசை. அதைப் பதினோரு வருடமாகப் பார்த்துப் பார்த்து, அதற்கு அடியில் உதடு இருப்பதாகவே தனக்கு நம்பிக்கை இல்லை என்பாள் அக்கா.

"என்னம்மா இது? ட்ரையல் ரூமா, பியூட்டி பார்லரா?"

"சார், நான் அவங்க தங்கச்சி. நீங்க போடச் சொன்ன பளபளப்பாலதான் எங்கக்காவுக்கு அளவு மாறிப் போச்சு."

"உங்கக்காவுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சுதான் வேலைக்கு வெச்சோம். இப்ப கண்ணும் சரியில்லைன்னா நான் என்ன பண்ணுவேன்? அதுக்கு லிப்ஸ்டிக் மேல பழியா?"

"கண்ணு நல்லா இருக்கு சார்! உங்க சாமான் விக்கணும்னு எல்லார் வாயையும் வழவழன்னு ஆக்கிட்டு, அதைப் பாத்து வேலை செய்றவளக் கீழே தள்ளறீங்க. பேன்ட்டக் கெடுத்தது எங்கக்கா இல்ல, உங்க உத்தரவு. இங்க பாருங்க, இப்பவே காட்டறேன். நீ சொல்லும்மா."

ட்ரையல் ரூமில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் தடுப்புப் பக்கம் திரும்பி "நாலு" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா புருவத்தைச் சுருக்கினாள். விரல்களை உயர்த்தினாள். ஆறு.

"எட்டு."

அக்கா ஏழு காட்டினாள்.

மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்புதான். "சரிம்மா, காட்டிட்டீங்க இல்ல? கிளம்புங்க. நீங்க போய் அந்தக் கிளாஸப் போடும்மா, கஸ்டமர் நிக்கறாங்க."

அதுவரை வாய் கூசாமல் பேசிய சின்னவள் மேட் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். கூரியர் ஆபீசுக்குத் திரும்பும் வழியெல்லாம் காது மடல் எரிந்தது. அன்று மாலை வகுப்பும் கிடையாது. நேரே வீட்டுக்கு வந்து அக்காவுக்காகக் காத்திருந்தாள். அக்கா வந்தாள், செருப்பைக் கழற்றினாள், தங்கைக்கு எதிரே வந்து நின்றாள்.

"என்னைக் கேட்டியா?"

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"என்னைக் கேட்டியான்னு கேட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவுல நீ யாரு? எனக்கு வாய் இல்லையா? என்னைக் கண்ணாடிக்குள்ள உக்கார வெச்சு, விரலக் காட்டு விரலக் காட்டுன்னு வித்தை காட்டற குரங்கு மாதிரி ஆக்கிட்டே. நீ கத்தினது எனக்குக் கேக்கலதான். ஆனா எல்லாரும் திரும்பிப் பாத்தது தெரிஞ்சுது."

தட்டையான அந்தக் குரலில் கோபம் வந்தால் ஏற்றம் இருக்காது. சொற்கள் நெருங்கி நெருங்கி வரும். அநியாயம் செய்தது மேனேஜர். திட்டு வாங்குவது சின்னவள். ஆனால் திட்டில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

துணி மடிக்க உட்கார்ந்ததும் அக்காதான் பேச்சைத் தொடங்கினாள். "அந்தப் பொண்ணு பாவம். வாயில சிமென்ட் பூசின மாதிரி இருந்துச்சு. உதடு எங்க முடியுது, கன்னம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல."

"நேத்து நான் மேட் போட்டப்ப எல்லாம் சரியாச் சொன்னியே!"

"உன் வாயா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் வாய நீ பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். மின்னாம மட்டும் இருந்தா, நீ தார் பூசிக்கிட்டுப் பேசினாலும் எனக்குப் புரியும். பொய் சொன்னா எந்தப் பக்கம் கோணும்னுகூடத் தெரியும்."

சின்னவள் ஓடிப்போய் டைரியை எடுத்தாள். கோடு போட்ட வரியைப் பார்த்தாள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம். பழகின வாயில் சோதித்தால் சோதனையா அது? 'மேட்தான் விடை' என்பதை அடித்து, 'என் வாய் செல்லாது. வேறு வாய்கள் வேண்டும்' என்று எழுதினாள். பிறகு திரும்பி வந்து, இந்த முறை ஒழுங்காகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு வகுப்புக்கு வர்றியா? உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்."

அக்கா ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "அங்க எத்தனை வாய் இருக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் மாடலைக் கூட்டி வந்து பூசிப் பழகலாம் என்பது வகுப்பு வழக்கம். டீச்சர் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். காது கேட்காது என்று சின்னவள் சொன்னதும் கையை எடுத்துவிட்டு, கேட்காதவரைப் பற்றிப் பேசுகிற குரலில் வகுப்புக்குப் பாடமே நடத்தத் தொடங்கிவிட்டாள்.

"இந்த மாதிரி முகத்துக்கு வாயில மெனக்கெடக் கூடாது. பேச்சு வராத முகம், வாயை அடக்கிட்டுக் கண்ண எடுத்துக் காட்டணும். பாக்கறவங்க கவனம் வாய்க்கே போகக் கூடாது."

அக்கா டீச்சரின் வாயைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "என்ன சொல்றாங்க? புரியல."

அக்கா சார்பில் ஒரு பாட்டம் கத்திவிடலாம்போல் சின்னவளுக்கு இருந்தது. நேற்று வாங்கிய திட்டு நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல், டீச்சர் சொன்னதை அப்படியே அக்காவுக்குத் திருப்பிச் சொன்னாள். அறையில் ஹேர் ட்ரையர் கூட நின்றுவிட்டது.

"பேச்சு வரும் டீச்சர்" என்றாள் அக்கா. "வாய் வரைக்கும் நல்லா வருது. வராதது காதுக்குத்தான்."

டீச்சரின் முகம் சிவந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "அப்ப நான் சொன்னது மட்டும் ஏன் புரியல? எதிர்லதானே நிக்கறேன்?" சின்னவள் அதையும் அக்காவுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"உங்க வாயில லைட்டுதான் தெரியுது. மேல ஒரு ட்யூப்லைட், கீழ ஒரு ட்யூப்லைட். ரெண்டும் ஆடுது. சொல்லு அதுக்குப் பின்னால எங்கயோ இருக்கு."

வேன்காரம்மாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். டீச்சர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு டிஷ்யூவை உருவி, இரண்டாக மடித்து, உதடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். எடுத்தபோது பளபளப்பெல்லாம் காகிதத்தோடு போயிற்று. நிறம் மட்டும் உதட்டில் நின்றது. மெல்லிய பென்சிலால் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள்.

"இதுக்குப் பேரு ஒத்தி எடுக்கிறது. முதல் வாரமே சொல்லிக் குடுத்தேன், இதுங்க ஒண்ணும் செய்யாது" என்று வழக்கம்போல் வகுப்பையும் ஒரு இடி இடித்துவிட்டு, அக்காவின் எதிரே குனிந்தாள். "இப்ப?"

"இப்ப நீங்க திட்டினாக்கூடப் புரியும்."

"திட்டல." டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அதுவும் புரிஞ்சுது" என்றாள் அக்கா.

அப்புறம் வகுப்பு வகுப்பாக நடக்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு பூச்சைப் போட்டுக்கொண்டு வராந்தாவின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினாள். ஷிம்மர் போட்டவளை, மின்மினிப்பூச்சிக் கூட்டம் என்று அக்கா உடனே துரத்திவிட்டாள். தோல் நிற மேட்டில் வாய் முகத்துக்குள் கரைந்து போயிற்று. தோலைவிட ஒரு படி அழுத்தமான நிறம், ஓரத்தில் கோடு, ஒற்றி எடுத்த மேற்பரப்பு: இது இருந்தால் யார் வாயையும் படிக்க முடிந்தது. வேன்காரம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தன் மாமியாரைப் பற்றி என்னவோ சொன்னாள். உள்ளே ஒருவருக்கும் கேட்கவில்லை. அக்கா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன, என்ன என்று எல்லாரும் கேட்டதற்கு, "சொல்ல மாட்டேன், கேக்கற மாதிரி இல்ல" என்றாள்.

சனிக்கிழமை கடை திறக்குமுன், பெண்கள் கழிப்பறைக் கண்ணாடியின் முன்னால், சின்னவள் சூப்பர்வைசரின் உதட்டில் முதலில் ஓரக் கோடு போட்டாள். அதன்மேல் கடையின் கிளாஸையே பூசி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்தாள். இந்தத் தடவை அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். போட வேண்டும் என்றுதான் உத்தரவு. ஒற்றக் கூடாது என்று இல்லை. செய்யும்போதே எரிச்சலாகவும் இருந்தது. ஒரு தப்பான உத்தரவுக்கு நாம் ஏன் சந்து கண்டுபிடித்துப் போக வேண்டும்? நேராகவே எடுத்துவிட்டால் என்ன? ஆனால் அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மற்றதை மாலையில் கடைக்குப் போனபோது சூப்பர்வைசர் சொல்லித்தான் சின்னவளுக்குத் தெரிந்தது. மேனேஜர் காலையிலேயே கவனித்துவிட்டாராம். கிளாஸ் எங்கே என்று கேட்டாராம். "கம்பெனி சாயம்தான் சார், ஸ்ட்ராபெரி வாசனை வருது பாருங்க" என்று இவள் முகத்தை நீட்ட, அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாராம். வாரக் கடைசி, கூட்டம் நெரிந்தது. கண்ணாடி வழியாகச் சொன்ன அளவு ஒன்றுகூட மாறவில்லை. நாலு நாலாகவே வந்தது. சாயங்காலம் மேனேஜரே மெஷின் அறைக்கு வந்து, தைத்து முடித்ததை எடுத்து அளந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

"அக்கா மெஷின்லயே இருக்கலாம்னுட்டார்!" என்று சூப்பர்வைசர் சின்னவளின் கையைப் பிடித்துக் குதித்தாள்.

ஆனால் அக்கா குதிக்கவில்லை. தங்கையோடு வீட்டுக்கு நடந்தாள். தெருமுனை விளக்கின் கீழ் வந்ததும் நின்றாள். சின்னவளின் முகம் தெரிய வேண்டுமென்றால் அவள் அப்படித்தான் வெளிச்சம் பார்த்து நிற்பாள்.

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கார். படிச்சியா?"

"இல்லையே. என்ன போட்டிருக்கு?"

"கருணை அடிப்படையில தொடர்ந்து தையல் பிரிவில் அனுமதிக்கப்படுகிறார்." அக்கா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "கருணையாம். இன்னைக்கு நான் தைச்சதுல எதுடி கருணை? நாள் முழுக்க ஒரு அளவு மாறல. அவர் உத்தரவு தப்புன்னு ஒரு வரி இல்ல. மத்த பொண்ணுங்க இன்னும் எண்ணெய் வழியத்தான் நிக்குதுங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுக்குப் பதில் வேற ஒருத்தி வந்து நின்னா, மறுபடி நான் ஆறு வெட்டுவேன். அப்ப கருணை தீந்துபோயிடும்."

சின்னவள் படபடவென்று பொரிந்தாள். "நாளைக்குக் காலையில நான் வந்து அந்த ஆளக் கேக்கறேன் பாரு, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு..."

அக்கா தங்கையின் வாயைக் கையால் பொத்தினாள்.

"நாலு நான் கேப்பேன்" என்றாள். "அந்த மீசைய ஒதுக்கிட்டுப் பதில் சொல்லச் சொல்லுவேன். நீ கூட வா. ஆனா வாயத் திறக்காதே."

இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்னவள் டைரியைத் திறந்தாள். 'அக்காவுக்கு மெஷின் கிடைத்தது' என்று எழுதி, 'கிடைத்தது' சரியில்லை என்று அடித்தாள். அவளுடையதுதானே, கிடைப்பதற்கு என்ன இருக்கிறது? 'மெஷின் போகவில்லை' என்று மாற்றினாள். அதுவும் முழுசாகச் சரியா என்று தெரியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே எழுதினாள்:

நாளை, ஞாயிறு. கடை திறக்குமுன் அக்காவோடு மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். 'கருணை' என்ற சொல்லை எடுக்கவும், ட்ரையல் ரூமில் யார் நின்றாலும் கிளாஸ் வேண்டாம் என்று உத்தரவை மாற்றவும் அக்கா கேட்பாள். நான் டிஷ்யூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். பேசக் கூடாது.